களிமண்ணை எங்கே பிடிப்பது? வேலூர்ப் பக்கத்து ஏரிகளுக்கு முன் உள்ள வழிகள்

கோடையில் ஏரி வற்றியதும் ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்கள், கூடும் ஊர்களில் ஒரே பேச்சுதான். ஏரி மேடாகிவிட்டது, முன்புபோல் தண்ணீர் நிற்பதில்லை, கொஞ்சம் பணம் வரும்போல் இருக்கிறது, அதை எதில் போடலாம்? ஒருவர் தூர் வாரலாம் என்பார். இன்னொருவர், ஏரி நிரம்பியதும் நீர் வழிந்து போகும் கோடியை ஒரு அடி உயர்த்தினால் போதும் என்பார். மேலே ஓடையில் தடுப்பணை கட்டினால் வண்டல் ஏரிக்கே வராது என்று ஒரு கட்சி. முதல் வெள்ளத்தை உள்ளே விடாமல் ஆற்றிலேயே போக விடலாம் என்று ஓரிருவர். மேட்டு நிலத்திலேயே மண்ணை நிறுத்தலாம் என்று சொல்பவர் அநேகமாகக் கூட்டத்தின் கடைசி வரிசையில் இருப்பார், அவர் பேசி முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்து ஏரிகளை மனதில் வைத்து இந்த ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். எனக்கு ஒரு தெளிவான கருத்து உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணலை வழியில் பிடிக்கலாம். களியை வழியில் பிடிக்க முடியாது. அது கிளம்பும் இடத்தில் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வந்து சேர்ந்த இடத்தில் அள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் வீணாகிறது.

காரணம் மண் துகளின் அளவில் இருக்கிறது. நீரில் ஒரு துகள் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் வேகம் கால்வாசியாகிவிடும். இதை 19ஆம் நூற்றாண்டில் கணித்தவர் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர். தலைமுடித் தடிமனுக்குச் சற்றே குறைந்த, 60 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள நுண்மணல், அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க 5 நிமிடம் போதும். மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட 10 மைக்ரான் வண்டலுக்கு அதே ஒரு மீட்டர் ஏறக்குறைய 3 மணி நேரம். 2 மைக்ரான் களிக்கு மூன்று நாள். 1 மைக்ரான் என்றால் பன்னிரண்டு நாள் வரை. இதெல்லாம் நீர் துளியும் அசையாமல் இருந்தால்தான். நம் ஏரிகளின் ஆழத்துக்கு, ஒரு மாலைக் காற்று அடித்து அலை எழும்பினாலே அடியில் படிந்தது மறுபடி மேலே வந்துவிடும். கார்த்திகையில் நிரம்பிய ஏரி தை வரைக்கும் செந்நிறமாகவே கிடப்பது இதனால்தான்.

களிக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருக்கிறது, அதனால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. நீரில் கால்சியம், மெக்னீசியம் போன்ற உப்புகள் இருந்தால் அந்த விலக்கம் குறைந்து துகள்கள் திரளாகக் கூடும், திரள் வேகமாக இறங்கும். படிகாரம் போடுவதும், பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டை தேய்ப்பதும் இதே திரளும் வேலைக்காகத்தான். மழைநீரில் உப்பு மிகக் குறைவு. ஆகவே புதுவெள்ளத்தில் வரும் களி எளிதில் திரளாது.

உங்கள் ஏரிக்கு வருவது மணலா களியா என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் எதுவும் வேண்டாம். முதல் வெள்ளம் வரும்போது வரத்துக் கால்வாயில் ஒரு ஒளிபுகும் பாட்டிலில் நீர் பிடித்து, அசைக்காமல் ஓரமாக வையுங்கள். ஒரு சாண் உயர நீரில் ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்குவது மணல். அன்று சாயங்காலத்துக்குள் தங்குவது வண்டல். மறுநாளும் நீர் கலங்கலாகவே இருந்தால் அந்தக் கலங்கல்தான் களி. அடியில் தங்கியது எத்தனை விரல்கடை, மேலே நிற்கும் கலங்கல் எவ்வளவு அடர்த்தி என்று பார்த்தாலே பணத்தை எதில் போடக்கூடாது என்பது தெரிந்துவிடும். வெவ்வேறு ஓடைகளில் தனித்தனியாகப் பிடித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. ஜவ்வாது மலைச் சரிவிலிருந்து நேராக இறங்கும் ஓடை பெரும்பாலும் மணலையும் சரளையையும் கொண்டுவரும். உழுத செம்மண் மேட்டைச் சுற்றி வரும் கால்வாய் களியைக் கொண்டுவரும்.

சரி, தடுப்பணையிலிருந்து தொடங்கலாம். ஆசை அதிகமாக வைக்கப்படுவதும் கணக்கு குறைவாகப் போடப்படுவதும் இதில்தான்.

ஒரு தேக்கத்தில் எந்தத் துகள் தங்கும் என்பதை முடிவு செய்வது அதன் ஆழம் அல்ல, பரப்பு. உள்ளே வரும் நீரின் அளவைத் தேக்கத்தின் பரப்பால் வகுத்தால் ஒரு வேகம் வரும். அந்த வேகத்தைவிட வேகமாக இறங்கும் துகள்தான் தங்கும், மற்றது நீரோடு போய்விடும். ஓடையில் வினாடிக்கு ஒரு கன மீட்டர், அதாவது 35 கன அடி நீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சின்ன வெள்ளம்தான். தடுப்பணைக்குப் பின்னால் நீர் நிற்கும் பரப்பு 25 சென்ட். வகுத்தால் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் வருகிறது. அந்த வேகத்தில் இறங்கக்கூடியது 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் மட்டுமே. மணல் நிற்கும், வண்டலில் ஒரு பங்கு நிற்கும், களி முழுவதும் தாண்டிப் போகும். அதே வெள்ளத்தில் 2 மைக்ரான் களியையும் நிறுத்த வேண்டுமென்றால் 60, 70 ஏக்கர் பரப்பு தேவைப்படுகிறது. அவ்வளவு பெரிய தேக்கம் அந்த ஓடையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்: கீழே இருக்கும் ஏரி.

அதற்காகத் தடுப்பணையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர் ஏறும், மலையடி ஓடைகளில் மணல் ஏரிக்குள் வந்து மேடு தட்டுவதும் குறையும். வருடாவருடம் அதில் சேரும் மணலை எடுக்க வேண்டும், எடுக்காமல் விட்டால் இரண்டு மூன்று நல்ல மழையிலேயே நிரம்பி வெறும் படிக்கட்டாக நிற்கும். ஆனால் பாட்டில் சோதனையில் களிதான் அதிகம் என்று தெரிந்த ஊர், "ஏரி தூர்ந்து போகாமல் காப்பாற்றும்" என்று நம்பித் தடுப்பணைக்குப் பணம் போட வேண்டாம்.

கோடியை உயர்த்துவது அடுத்தது. செலவழிக்கும் ரூபாய்க்குக் கிடைக்கும் தண்ணீரை மட்டும் பார்த்தால் இதுதான் மலிவு. 100 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள ஏரியில் கோடியை ஒரு அடி உயர்த்தினால் 43 லட்சம் கன அடிக்கு மேல் கொள்ளளவு கூடும். அதே அளவைத் தோண்டி எடுப்பதென்றால் எத்தனை லோடு என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் இதன் செலவு ரூபாயில் முடிவதில்லை. நீர் உள்வாயில், அதாவது கரைக்கு எதிர்ப்பக்கத்து ஏரி ஓரத்தில், பரவும், அங்கே பட்டா நிலம் இருந்தால் வழக்கு வரும். பரப்பு கூடினால் வெயிலில் ஆவியாவதும் கூடும். எல்லாவற்றையும்விட முக்கியம் கரை. பழைய கரை எந்த நீர்மட்டத்துக்குப் போடப்பட்டதோ அதற்கு மேல் ஒரு அடி நீரைத் தாங்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் இதில் இறங்கக்கூடாது. 1903 நவம்பரில் பாலாற்றின் மேற்பகுதியில், அன்றைய மைசூர் நாட்டில் ஏரி உடைந்து வந்த வெள்ளம்தான் வாணியம்பாடியைச் சூறையாடியது. ஒரு ஏரி உடைந்தால் அது அடுத்த ஏரியையும் உடைத்துக்கொண்டு வரும். சங்கிலி ஏரிகளில் இதை மறக்கவே முடியாது. வண்டலைப் பொறுத்தவரை கோடி உயர்த்துவது எதையும் தீர்ப்பதில்லை. நீர் அதிக நாள் நிற்பதால் முன்பு கோடியோடு போன களியும் உள்ளேயே தங்கும்.

முதல் வெள்ளத்தை ஒதுக்குவது, படிந்த சேற்றை மதகு வழியாகத் தள்ளுவது: இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம், இரண்டும் நீரின் ஓட்டத்தாலேயே சேற்றை அப்புறப்படுத்தப் பார்ப்பவை. எகிப்தில் 1902இல் முடிந்த பழைய அஸ்வான் அணை இந்த எண்ணத்தில் கட்டப்பட்டது. நைல் கலங்கி வரும் மாதங்களில் ஷட்டர்களைத் திறந்து வைத்து வெள்ளத்தை அப்படியே அனுப்பிவிட்டு, தெளிந்த நீரைத் தேக்கினார்கள். நம் பக்கத்தில் இதற்கு வசதியான இடம் வாலாஜா அருகே 1858இல் கட்டிய பாலாறு அணைக்கட்டு. அங்கிருந்துதான் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி கால்வாய்கள் பிரிகின்றன. கால்வாய் தலைப்பில் ஷட்டரும் அணைக்கட்டில் மணற்போக்கியும் இருந்தால், மிக அதிகமாகக் கலங்கி வரும் முதல் சில மணி நேரத்தை ஆற்றோடு விட்டுவிட்டுப் பிறகு கால்வாயைத் திறக்கலாம்.

பொறியியலில் இது சரியான யோசனை. ஆனால் வருடாவருடம் ஆறு ஓடும் என்று நம்பிக்கை உள்ள இடத்துக்குத்தான் இது பொருந்தும். பாலாற்றில் நீர் வருவதே அபூர்வம். வந்த நீரை, நாளைக்கும் வரும் என்று நம்பி விட்டுவிட எந்த ஆயக்கட்டுக்காரருக்கு மனம் வரும்? 2021 நவம்பரைப் போல ஆறு பெருக்கெடுக்கும் வருடத்தில் தாராளமாகச் செய்யலாம். மற்ற வருடங்களில் ஒரு ஏரியின் முதல் தண்ணீரைத் தள்ளிவிடச் சொல்ல எனக்கும் வாய் வராது. ஓடை நேராக வந்து விழும் மலையடி ஏரிகளில் தலைப்பு ஷட்டரே கிடையாது, அங்கே இந்தக் கேள்வியே எழாது.

மதகு வழியாகச் சேறு தள்ளுவதை நம் முன்னோர் செய்திருக்கிறார்கள். ஏரிக்குள் நிற்கும் பழைய மதகான குமிழித் தூம்பில் மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை என்று இரண்டு வைத்தார்கள். தூம்பு அடைபடாமல் இருக்க அது அருமையான அமைப்பு. ஆனால் துளையை நோக்கி நீர் வேகமெடுப்பது அதைச் சுற்றியுள்ள சிறு வட்டத்தில்தான். அந்த வட்டத்துச் சேறு வெளியே போகும், நூறு அடி தள்ளிப் படிந்திருக்கும் களி அசையாது. பெரிய அணைகளில் நிலைமை வேறு. கலங்கிய வெள்ளம் தெளிந்த நீரைவிட எடை கூடியது, ஆகவே அது பழைய ஆற்றுப் பள்ளத்தை ஒட்டித் தரையோடு தரையாக அணை வரைக்கும் ஊர்ந்து வரக்கூடும். அந்த நேரத்தில் அடி மதகைத் திறந்தால் களியில் ஒரு பங்கைப் படிவதற்கு முன்பே வெளியேற்றலாம். தென்பெண்ணையில் 119 அடி உயரத்துக்கு நீர் தேங்கும் சாத்தனூரில் இதைப் பேசுவதில் பொருள் உண்டு. பத்துப் பன்னிரண்டு அடி ஆழமுள்ள ஊர் ஏரியில் இல்லை.

இன்னொரு வேறுபாடும் ஏரிக்குச் சாதகமாக இருக்கிறது. எப்போதும் நீருக்கடியிலேயே கிடக்கும் களி மிகவும் பொதபொதப்பாக, ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிலோ மண்ணோடுதான் இருக்கும், மீதி நீர். அடிக்கடி வற்றிக் காயும் தேக்கத்தில் அது இறுகி 640 கிலோ அளவுக்கு வந்துவிடும். அதாவது வந்து சேர்ந்த களி ஒன்றாகவே இருந்தாலும், வருடாவருடம் வெடித்துக் காயும் ஏரியில் அது அடைக்கும் இடம் குறைவு. மணலுக்கு இந்த வித்தியாசம் இல்லை. வைகாசியில் ஏரி வெடித்துக் கிடப்பதைப் பார்த்து வருத்தப்படுகிறோம். வண்டல் கணக்கில் அந்த வெடிப்பு நமக்கு நல்லது செய்கிறது.

இனி தூர் வாருவது. ஜேசிபி இறங்கினால் வேலை நடப்பது கண்ணுக்குத் தெரியும், அதனால்தான் இதற்கு ஆதரவு அதிகம். களிக்கு இது உண்மையிலேயே பயன்படும் வழி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கே, எவ்வளவு என்பதில்தான் ஊர்கள் தடுமாறுகின்றன.

அளவை முதலில் பார்ப்போம். 100 ஏக்கர் ஏரியில் எல்லா இடத்திலும் ஒரு அடி எடுப்பதென்றால் 43,56,000 கன அடி. 3 யூனிட் (300 கன அடி) பிடிக்கும் டிப்பரில் 14,500 லோடுக்கு மேல். வெட்டிய களி உப்பி இடம் அடைக்கும், ஆகவே உண்மையில் இன்னும் அதிகம். சரி, அதை எங்கே கொட்டுவது? விவசாயிகள் வண்டல் எடுக்கத் தமிழக அரசு வைத்திருக்கும் அளவு நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர். 75 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான கனம் வரும். ஏரியின் ஒரு அடி மண்ணை இந்தக் கணக்கில் நன்செயில் பரப்ப 1,600 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். 100 ஏக்கர் ஏரிக்கு அவ்வளவு ஆயக்கட்டு ஏது? ஆகவே "ஏரி முழுக்கத் தூர் வாரிவிட்டோம்" என்று எந்த ஊராவது ஒரே கோடையில் சொன்னால், ஒன்று எடுத்தது மிகக் குறைவாக இருக்கும், அல்லது மண் வயலுக்குப் போயிருக்காது.

எங்கே தோண்டுவது என்பது இன்னும் சிக்கலானது. ஏரிக்குள் நுழையும் வெள்ளம் வேகம் குறைந்ததும் மணலை வாயிலிலேயே போட்டுவிடும். களி மிதந்து மிதந்து கரைப்பக்கம், மதகுக்கு முன்னால் வந்துதான் படியும். வயலுக்கு உரமாக நாம் தேடும் வண்டல் மதகுப் பக்கம் கிடக்கிறது. ஆனால் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டும் பள்ளத்தில் நிற்கும் நீர் மதகு வழியாக வயலுக்குப் போகாது. ஆடுமாடு குடிக்கலாம், மீன் வளரலாம், ஓரளவு நிலத்தடிக்கும் இறங்கலாம். பாசனத்துக்கு அது கணக்கிலேயே வராது. ஆழமான குழியைப் பார்த்து ஊர் மகிழ்ந்துபோகிறது, பாசன நாள் ஒன்றுகூடக் கூடியிருக்காது. பாசனக் கொள்ளளவு கூட வேண்டுமென்றால் மதகின் அடிமட்டத்துக்கு மேலே நிற்கும் மேட்டைத்தான் சீவ வேண்டும், அது பெரும்பாலும் உள்வாய்ப் பக்கம், வேலிக்காத்தான் மண்டிய மணல் கலந்த மேடு. அந்த மண்ணை வயலுக்கு எடுக்க ஆர்வம் குறைவு. இந்த முரணை முன்கூட்டியே பேசி, கரையோரக் களியை வயலுக்கும் உள்வாய் மேட்டைக் கரை பலப்படுத்தவும் என்று பிரித்துக்கொண்ட ஊரில் வேலை ஒழுங்காக நடக்கும்.

கவனிக்க வேண்டிய இன்னும் இரண்டு. கரையின் அடியை ஒட்டித் தோண்டக்கூடாது, கரை சரியும். இரண்டாவது, ஏரித் தரையில் பல தலைமுறையாகப் படிந்த களிதான் நீர் கசியாமல் தாங்கும் அடைப்பு. அதை முழுவதும் வழித்துக் கீழே உள்ள மணலையும் கிராவலையும் தொட்டுவிட்டால், அடுத்த வருடம் நிரம்பிய ஏரி பொங்கலுக்கு முன்பே இறங்கிவிடும். கிணற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் ஊர் அதை வேண்டும் என்றேகூடச் செய்யலாம், கிணறுகளில் நீர் ஏறும். மதகுப் பாசனத்தை நம்பும் ஊருக்கு அது பெரிய இழப்பு. தோண்டுவதற்கு முன் நான்கைந்து இடத்தில் ஆளுயரக் குழி வெட்டி, களி எவ்வளவு கனம் என்று பார்த்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியும். செங்கல் சூளைக்கும் பள்ளம் நிரப்பும் சவுடுக்கும் மண் தேவைப்படுகிறவர்கள் இந்த அளவோடு நிறுத்த மாட்டார்கள். ஆகவே அளவுக்கல் நட்டு, ஊரார் பார்வையில் வேலை நடக்க வேண்டும்.

கடைசி வரிசை ஆள் சொன்னதற்கு வருகிறேன். களி வயலில் இருக்கும்போது தனித்தனித் துகளாக இல்லை, கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூடாக்கு இல்லாத மண்ணில் மழைத்துளி வந்து மோதும் அடியில்தான் அந்தக் கட்டி உடைந்து துகள் விடுபடுகிறது. விடுபட்டபின் அதைப் பிடிக்க 60 ஏக்கர் தேக்கம் வேண்டும். விடுபடாமல் வைக்க மண்மேல் ஒரு புல்போர்வை போதும். நம் பக்கத்தில் ஆடிப்பட்டத்து வேர்க்கடலையைப் பிடுங்கும் நேரமும் ஐப்பசி மழையும் ஒன்றாக வருகின்றன. பிடுங்கிய செடியை மாட்டுக்குத் தீவனமாகக் கொண்டுபோய்விடுகிறோம், நிலம் கிளறிவிட்டபடி வெறுமையாக நிற்கிறது. அன்று அடிக்கும் மழையில் ஓடும் செந்நீர்தான் ஏரியில் வந்து படிகிறது. சரிவுக்குக் குறுக்கே உழுவது, வரப்பை உயர்த்தி அதன்மேல் கொழுக்கட்டைப்புல்லோ வெட்டிவேரோ வைப்பது, வேர்க்கடலைக்கு இடையே துவரை வரிசை விடுவது, இவற்றுக்கு டிப்பர் வாடகையில் சிறு பங்குகூட ஆகாது. துவரை மார்கழி தாண்டியும் நிலத்தில் நிற்கும், அந்த மழைக்கு அதுவே மூடாக்கு.

இதன் குறை என்னவென்றால் பலன் தெரியச் சில வருடம் ஆகும். அதோடு, மேட்டு நிலத்துக்காரர்களில் பலர் அந்த ஏரியின் ஆயக்கட்டிலேயே இருக்க மாட்டார்கள். அவர்கள் எதற்காகச் செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. அவர்கள் நிலத்திலிருந்து ஓடிப்போவது அவர்களுடைய மேல்மண்தான் என்பது ஒரு பதில். தூர் வாரும் வண்டலில் முதல் பங்கை அவர்களுடைய புன்செய்க்குக் கொடுப்பது அதைவிட நல்ல பதில். அவர்கள் மண்ணே அவர்களுக்குத் திரும்பிப் போகிறது, 90 கன மீட்டர் அளவும் அவர்களுக்குத்தான் பொருந்துகிறது.

ஆகவே என் தேர்வு இப்படி. பாட்டிலில் களி மிஞ்சும் ஏரிக்கு, பணத்தின் பெரும்பகுதியை மதகு மட்டத்துக்கு மேலுள்ள மேட்டைச் சீவவும் கரையைப் பலப்படுத்தவும் வையுங்கள். கரையோரக் களியை ஒவ்வொரு கோடையும் விவசாயிகள் எடுக்கக்கூடிய அளவு மட்டும், களி அடைப்பு உடையாமல் எடுங்கள். ஒரு பங்கை, சிறியதானாலும், மேட்டு நிலத்து வரப்புக்கு ஒதுக்குங்கள். மணல் மிஞ்சும் மலையடி ஏரிக்குத் தடுப்பணையை முன்னால் வைத்து, அதை வருடாவருடம் காலி செய்யும் பொறுப்பையும் அப்போதே யாருக்கு என்று எழுதிவிடுங்கள். கோடி உயர்த்துவதை, கரையைப் பொறியாளர் பார்க்காத வரை தொடவே வேண்டாம்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த ஓடையின் கீழே உள்ள ஏரிகளுக்கு மட்டும் இந்த வரிசை மாறும். குரோமியம் மணலில் தங்குவதைவிடக் களித் துகளில்தான் அதிகம் ஒட்டும், உரமென்று நினைத்து அள்ளும் அதே களியில். பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு சுத்திகரிப்பு நிலையங்கள் வலுப்பட்டன, ஆனால் அதற்கு முன் படிந்த அடுக்கு தானாகப் போய்விடாது. அங்கே மேல் அடுக்கு, நடு அடுக்கு, அடி அடுக்கு என்று மூன்று மாதிரி எடுத்து உப்புக்கும் குரோமியத்துக்கும் சோதித்து, முடிவு கையில் வந்த பிறகே ஒரு லோடு வண்டலையாவது வயலுக்கு ஏற்ற வேண்டும். மே 1 கிராம சபையில் தூர் வாரத் தீர்மானம் போடும்போது இந்தச் சோதனையையும் அதே தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.